பாட்டியின் குரலை ஆல்பத்தில் சேர்க்கும் முன்

நான் ஒலிப்பதிவு, மிக்ஸிங் வேலை செய்கிறவன். எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயா. பெயர் மாறிப் பல வருடம் ஆனாலும் எங்கள் வாயில் வருவது பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்குள்ள இளைஞர்களிடமிருந்து இப்போது ஒரு புது வகை வேலை வருகிறது. முழு ஆல்பமும் ஒரே கதை. சிந்தசைசரும் ட்ரம் மெஷினுமாக எலக்ட்ரானிக் பாப் ஓடும், நடுநடுவே ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த பாட்டியோ தாத்தாவோ பேசுவார்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பால் சுமக்கும் காண்டா வாளி, பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகை, தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்த நாள் என்று போகும்.

எனக்கு இது பிடித்திருக்கிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம், 1917ல் தொடங்கிய தென்னமாரம், எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. ரப்பர் பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இப்போது நல்ல வயதாகிவிட்டது. அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய இதைவிடத் தாமதிக்க முடியாது.

ஆனால் பையன்கள் கொண்டுவரும் பதிவைக் கேட்டதும் நான் கேட்கும் முதல் கேள்வி, “பாட்டிகிட்ட எழுதி வாங்கினியா?” அநேகமாக ஒரே பதில்தான் வரும். “அண்ணே, அவங்களே சரின்னு சொன்னாங்க.”

வாயால் சொன்ன சரி போதாது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பு எழுதப்பட்டாலோ பதிவு செய்யப்பட்டாலோ அதற்கு உரிமை பிறக்கும். எங்கேயும் பதிய வேண்டியதில்லை. அதாவது பாட்டி தன் சொந்தச் சொற்களில் கோத்துச் சொன்ன கதையை நீங்கள் போனில் பதிவு செய்த அந்த நிமிடமே, கதைக்குச் சொந்தக்காரர் பாட்டி. ஏற்பாடு செய்து பதிவெடுத்த உங்களுக்கு ஒலிப்பதிவின் மீது உரிமை உண்டு, அது தனி. கதையைப் பயன்படுத்த அவர் அனுமதி வேண்டும். எழுத்தில் இல்லாத அனுமதி செல்லாது என்று அதே சட்டத்தின் 27ஆவது பிரிவு சொல்கிறது. பேரனாக இருந்தாலும் இதுதான் நிலை.

சட்டத்தை விடுங்கள். பாட்டி எதற்குச் சரி சொன்னார் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. திண்ணையில் உட்கார்ந்து பேரனிடம் பேசுகிறவருக்கு, அந்தப் பேச்சு ஸ்பாட்டிபையிலும் யூடியூபிலும் யார் வேண்டுமானாலும் கேட்கும்படி கிடக்கும் என்பது மனதில் இருக்காது. ஒரு தம்பியின் ஆல்பத்தில் ஒரு பாட்டி, தன்னைப் பாடாய்ப் படுத்திய மண்டோரை (தோட்டத்து மேற்பார்வையாளரை) பற்றிப் பேசியிருந்தார். தம்பி அந்த ஆளின் பெயரை மட்டும் வெட்டி, பீட்டுக்கு ஏற்றபடி திரும்பத் திரும்ப வரும் ஹூக்காக வைத்திருந்தான். கேட்க அட்டகாசமாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். பாட்டியை ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்து போட்டுக் காட்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “அந்தப் பேரை எடுத்துடுய்யா. அவரு பேத்தி நம்ம தாமான்லதான் இருக்கா,” என்றார் (தாமான் என்றால் குடியிருப்புப் பகுதி). ஹூக் போனதில் தம்பிக்கு வருத்தம். எனக்கு இல்லை.

ஆகவே முடிந்த மிக்ஸை இசையோடு போட்டுக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். வெறும் பேச்சுக்கு வாங்கிய ஒப்புதலை, வெட்டி ஒட்டிய பாட்டுக்கும் நீட்டிக்கொள்ளக் கூடாது. படைப்பைப் பெரிதாகச் சிதைத்து, படைத்தவரின் மதிப்புக்குக் குறைவு வரும்படி மாற்றினால் எதிர்க்கும் உரிமை அவருக்கு உண்டு. எங்கள் வேலையில் சிதைப்பது மிகச் சுலபம். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கு அரை வினாடி. பாட்டியின் பேச்சு அந்தக் கட்டத்தில் உட்காராது. உட்கார வைக்க இடைவெளிகளை நறுக்கினால், தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரு விஷயம் அடித்துச் சொன்ன குற்றச்சாட்டாக மாறிவிடும். முதலில் பேச்சை வையுங்கள், அப்புறம் அதைச் சுற்றித் தாளத்தை அமையுங்கள். பேச்சு வரும் இடத்தில் சிந்த் தானாகவே மூன்று நான்கு டெசிபல் தணியும்படி சைட்செயின் போடுங்கள். மெய்யெழுத்துகள் துலங்கும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் வேறு கருவி எதுவும் முட்ட வேண்டாம். மழை நாளில் தகரக் கூரைக்கடியில் பதிவு எடுக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும், தமிழில் இருக்கட்டும். எந்தப் பதிவு, எந்த ஆல்பம், எங்கெங்கே வெளிவரும், பணம் வந்தால் பங்கு எவ்வளவு, எழுதியவர் இடத்தில் அவர் பெயர் வருமா, இவ்வளவும் வேண்டும். இப்போது ஒரு வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறேன்: இந்தக் குரலை ஏஐ குளோன் செய்யப் பயன்படுத்த மாட்டோம். சில நிமிடச் சுத்தமான பதிவு இருந்தாலே ஒருவர் சொல்லாததையும் அவர் குரலில் சொல்ல வைக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. படிக்கத் தெரியாதவர் என்றால், ஆல்பத்தில் சம்பந்தமில்லாத ஒருவர் வாசித்துக் காட்டி, பெருவிரல் ரேகைக்குச் சாட்சியாக இருக்கட்டும். ஒரு பிரதி பாட்டியிடம் இருக்க வேண்டும்.

பதிவு கையில் இருக்கிறது, சொன்னவர் இறந்துவிட்டார் என்று வருகிறவர்களும் உண்டு. அவரோடு உரிமை முடிவதில்லை. இறந்த பின் 50 ஆண்டு நீடிக்கும், வாரிசுகளுக்குப் போகும். மூத்த மகனிடம் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வராதீர்கள். கோலாலம்பூரில் இருக்கும் மகளுக்கும் போன் போட்டு, மிக்ஸை அனுப்பி, அவரிடமும் எழுதி வாங்கிவிட்டு வாருங்கள். மாஸ்டரிங் என்னும் கடைசி ஒலி மெருகு வேலை அதுவரை காத்திருக்கும்.