கடலோரத்தில் வீடு கட்டும் வேலூர்க்காரர்களே, முதலில் கம்பியைக் காப்பாற்றுங்கள்

மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் மனை வாங்கி, காட்பாடியில் கட்டிய வீட்டின் அதே பிளானையும் அதே மேஸ்திரியையும் அங்கே கூட்டிப்போகிறீர்கள். சில வருடங்களில் சன்ஷேடின் அடியில், கம்பி ஓடும் வழியே ஒரு பழுப்புக் கோடு தெரியும். பிறகு விரிசல். ஒருநாள் உள்ளங்கை அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து விழும். அண்ணாந்து பார்த்தால் கம்பி துருப்பிடித்து ஏடு ஏடாக உரிந்து நிற்கும். கடற்காற்றின் உப்பு செய்த வேலை அது. மாடியில் சோலார், தோட்டத்தில் மழைநீர்த் தொட்டி எல்லாம் இருந்தும் 15 வருடத்தில் தளத்தை இடித்துப் போடுகிற வீட்டைப் பசுமை வீடு என்று எப்படிச் சொல்வது?

“சிமென்ட் ஒரு மூட்டை கூடவே போட்டிருக்கோம் சார், துரு பிடிக்காது.” மேஸ்திரி சொல்லும் இதைத் தயவுசெய்து நம்பாதீர்கள். உப்பை நிறுத்துவது மூட்டைக் கணக்கு இல்லை. கான்கிரீட் எவ்வளவு இறுக்கமானது, கம்பிக்கு மேல் அது எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது (இதைத்தான் கவர் என்கிறோம்), இந்த இரண்டுதான். இறுக்கத்தைக் கெடுப்பது தண்ணீர். சிமென்ட்டுக்குத் தேவைப்படாத தண்ணீர் காய்ந்து போன இடமெல்லாம் நுண்துளை. உப்பு அதன் வழியேதான் கம்பிக்குப் போகிறது. கடற்கரைச் சூழலுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி கேட்பது எம்30 என்ற வலிமைத் தரக் கான்கிரீட், சிமென்ட் எடைக்குத் தண்ணீர் விகிதம் 0.45க்கு மேல் போகக்கூடாது, கவர் 45 மி.மீ. அலைச்சாரல் தெறிக்கும் இடமென்றால் எம்35, 50 மி.மீ. 0.45 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர், மணலின் ஈரத்தையும் சேர்த்து. கலவை இளகவில்லை என்று 10 லிட்டர் வாளி ஒன்றைக் கவிழ்த்தால் விகிதம் 0.65. அதற்குமேல் எத்தனை நாள் தண்ணீர் கட்டினாலும் அந்தத் துளை அடைபடாது. இளக வேண்டுமா, தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் போடுங்கள்.

அடுத்தது கவர். நம் ஊரில் தளத்துக்கு 20 மி.மீ. வைத்துப் பழகிய கை, அங்கேயும் கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லிச் சில்லைச் செருகிவிட்டுப் போகும். சித்தாள் நாலு நடை நடந்ததும் சில்லு நழுவி, கம்பி சென்ட்ரிங் தகட்டில் படுத்துவிடும். அதே தரக் கான்கிரீட்டில் வார்த்த 45 மி.மீ. கவர் பிளாக்கை மீட்டருக்கு ஒன்றாவது வையுங்கள். கட்டுக்கம்பி முனையை உள்பக்கம் மடக்கச் சொல்லுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில்தான் துரு முதலில் ஏறும்.

கடைக்காரர் சல்பேட்டைத் தாங்கும் சிமென்ட் தருவார். கடற்காற்றின் உப்பிலுள்ள குளோரைடுக்கு அது சரியான மருந்தில்லை. ஸ்லாக் (இரும்பு ஆலைக் கசடு) அல்லது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமென்ட் வாங்கி, 14 நாள் நல்ல தண்ணீர் கட்டுங்கள். மனையில் போட்ட போர் தண்ணீரைச் சோதிக்காமல் கலக்கவே கூடாது: லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு தாண்டினால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஆகாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைப் பக்கம் கட்டுகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். அங்கே கடல் இல்லை, ஆனால் கிணற்றில் உப்பு இருக்கிறது.

கடலோர மனையில் தோண்டிய மணலைப் பூச்சுக்குப் போடாதீர்கள், சுவர் உப்புப் பூத்துப் பொரிந்து விழும். ஜன்னல் கிரில்லுக்குச் சாதா இரும்பு வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 316 ரகம். 304 ரகம் கடற்காற்றில் பழுப்படிக்கும்.

ஜன்னலையும் இங்கே போலவே வைக்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் பகலெல்லாம் ஜன்னலைச் சாத்தி வெயிலைத் தடுக்கிறோம், சரி. கடலோரத்தில் தொல்லை புழுக்கம். காற்று ஓடினால்தான் வியர்வை காயும். கிழக்கில் ஜன்னல் வைத்தால் எதிர்ச்சுவரிலும் ஒன்று வையுங்கள்.

ஆழ்துளை போட்டுக் கடல்நீரை இழுக்காதீர்கள். நல்ல நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், அடியிலுள்ள உப்புநீர் ஏறக்குறைய 40 மீட்டர் ஏறிவரப் பார்க்கும். ஆழமில்லாத கிணறும் மொட்டைமாடி மழைநீரும் போதும்படி வீட்டை அமையுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன்பே, உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் வந்து நிற்கும் எல்லை) மனை எத்தனை மீட்டர் என்று பாருங்கள். 500 மீட்டருக்குள் என்றால் சி.ஆர்.இசட். எனும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி வரும். பட்டா இருந்தாலும் அனுமதி தனி.

தளம் போடும் நாளன்று வேலூரிலிருந்து விடியற்காலையே கிளம்பிவிடுங்கள். டேப்பை எடுத்து, தகட்டுக்கும் கம்பிக்கும் இடையே பத்து இடத்தில் அளந்து, 45 வந்த பிறகு மட்டும் கலவையை ஏற்றச் சொல்லுங்கள்.