களிமண் வாய் திறக்கக் கூடாதா?

கிருஷ்ணகிரியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். என்னைப் பார்க்க வரும் கிறிஸ்தவக் குடும்பங்களில் நிறையப் பேர், வந்த காரணத்தைச் சொல்லும் முன்பே ஒரு வசனத்தைச் சொல்லிவிடுவார்கள். கரு தங்காத பெண், நெடுஞ்சாலை விபத்தில் மகனைப் பறிகொடுத்த அப்பா, வலிப்பு நோய் உள்ள பையனின் அம்மா, யாராக இருந்தாலும் சரி. "குயவன் கையில களிமண்ணு மேடம். நாம என்ன கேட்க முடியும்?" சிலர் இதை நிம்மதியாகச் சொல்கிறார்கள். அந்த நிம்மதியில் நான் கை வைப்பதில்லை. வேறு சிலருக்கு இதைச் சொல்லும்போதே குரல் உடைந்துவிடும். கொஞ்சம் பேசவிட்டால், துக்க வீட்டிலோ வீட்டு ஜெபத்திலோ யாரோ சொல்லிவிட்டுப் போனது அது என்று தெரியவரும். இந்தக் கட்டுரை அந்த யாரோவுக்காக.

நானும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள்தான். கடவுள் சகலத்தையும் ஆளுகிறவர் என்பதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. அந்த ஆளுகையைப் புரியவைக்க பைபிளில் வரும் உவமைகளை நாம் யாரிடம், எந்த நேரத்தில் எடுத்து வீசுகிறோம் என்பதுதான் என் கவலை.

குயவனையே எடுத்துக்கொள்வோம். எரேமியா 18ஆம் அதிகாரம். தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குப் போகிறார். வனைந்துகொண்டிருக்கும்போதே பாண்டம் கெட்டுப்போகிறது. குயவன் மண்ணைத் தூக்கி எறியவில்லை, அதையே வேறொரு பாண்டமாக வனைகிறான். பிரசங்கங்களில் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். 7ஆம் வசனத்திலிருந்து 10 வரை படித்தால் கதை வேறு பக்கம் போகிறது. ஒரு ஜனத்தைப் பிடுங்கி அழிப்பேன் என்று கடவுள் சொன்ன பிறகும் அவர்கள் தீமையை விட்டுத் திரும்பினால், நினைத்த தீங்கைச் செய்யாதபடி நானும் மனம் மாறுவேன் என்கிறார். ஆக, 'எல்லாம் முடிந்தது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்பதற்கு நாம் காட்டும் உவமை, முதலில் சொல்லப்பட்ட இடத்தில் 'இன்னும் நேரம் இருக்கிறது, திரும்புங்கள்' என்று கெஞ்சுவதற்காக வந்தது. பாட்டி தலையெழுத்து என்று சொன்னதையே நாம் வசன எண் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குப் பல நேரம் தோன்றும்.

அடுத்து, களிமண் என்ற உவமையை யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். யோபு பேசுகிறார், 10ஆம் அதிகாரத்தில். பிள்ளைகளை இழந்து, உடம்பெல்லாம் புண்ணோடு உட்கார்ந்திருக்கும் மனிதர், களிமண்போல என்னை உருவாக்கினீரே, நினைத்துப் பாரும் என்று கடவுளிடமே வாதாடுகிறார். ஏசாயா 64இலும் அப்படித்தான். நாங்கள் களிமண், நீர் எங்களை உருவாக்குகிறவர் என்ற வரி ஒரு முறையீட்டின் நடுவில் வருகிறது. பட்டணங்கள் பாழாகிக் கிடக்கின்றன, ஆலயம் எரிந்துபோனது, இன்னும் மவுனமாக இருப்பீரோ என்று அந்த அதிகாரம் முடிகிறது. இரண்டு இடத்திலும் வாய் திறப்பது களிமண்தான். என்னைச் செய்தவன் நீ, நான் உன் கைவேலை, என்னை விட்டுவிடாதே என்று அது உரிமையோடு கேட்கிறது.

களிமண்ணே, சும்மா இரு என்கிற தொனியும் பைபிளில் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஏசாயா 29:16இல் வருகிறது. ஆனால் அங்கே திட்டு வாங்குகிறவர்கள் தங்கள் ஆலோசனைகளைக் கர்த்தருக்குத் தெரியாமல் இருட்டில் மறைக்கப் பார்க்கிறவர்கள். ரோமர் 9இல் பவுல், கடவுளோடு தர்க்கம் பண்ணுகிற நீ யார் என்று கேட்கிறார். அது யூதரல்லாத புறஜாதியாரைச் சேர்த்துக்கொண்ட கடவுளின் தீர்மானத்தைப் பற்றிய விவாதம். அதே அதிகாரத்தை அவர் தொடங்குவது, தன் சொந்த ஜனத்துக்காக எனக்கு மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் உண்டு என்று சொல்லித்தான். மகனைப் புதைத்துவிட்டு வந்த அப்பாவிடம் நீட்டுவதற்காக எழுதப்பட்ட வரி இல்லை அது.

களிமண் வசனத்தை அழுகிறவர் தானாகக் கடவுளிடம் சொன்னால் அது ஜெபம். பக்கத்தில் நிற்கிறவர் அவரிடம் சொன்னால், வாயை மூடு என்பதற்கான பக்தியான வடிவம். ஆலோசனை அறையில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முகத்திலேயே பார்க்கலாம்.

நம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டிலும் பாறை நிலம். பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது குடிநீருக்கான வரம்பு. பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் வரும், எத்தனை தேய்த்தாலும் போகாது. ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகெலும்பும் இறுகும். ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு என்று சேர்த்திருப்பது இதனால்தான். வாயை மூடிக்கொண்டே சிரிக்கப் பழகிய கல்லூரிப் பெண்கள் என்னிடம் வருவதுண்டு. "ஆண்டவர் என்னை இப்படித்தான் வனைஞ்சாருன்னு சபையில சொல்றாங்க அக்கா" என்பார்கள். ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கறையைப் போட்டது தண்ணீர். பல் மருத்துவரைப் பார்த்தால் மறைக்க வழி இருக்கிறது. வீட்டில் சின்னத் தம்பி தங்கை இருந்தால் இன்றைக்கே எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். குயவன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டால் போர்வெல்லை யாரும் சோதிக்கமாட்டார்கள்.

யோவான் 9இல் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்பது இந்த மாதிரிக் கேள்விதான்: யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா? இயேசு இரண்டையும் மறுக்கிறார். அப்புறம் தரையில் துப்பி, சேறு உண்டாக்கி, அவன் கண்ணில் பூசி, போய்க் கழுவு என்கிறார். விளக்கம் கேட்டவர்களுக்கு நடுவில் மண்ணைக் கையில் எடுத்து வேலை பார்க்கிறார்.

மற்ற உவமைகளும் இதே பாடுதான் படுகின்றன. அடைக்கலான் குருவி ஒன்றுகூடப் பிதாவின் சித்தமில்லாமல் விழாது என்பதைச் சாவு வீட்டில் காரணமாகச் சொல்கிறார்கள். மத்தேயு 10இல் அது ஊழியத்துக்குப் புறப்படும், அடி வாங்கப் போகிற சீஷர்களுக்குச் சொன்னது. பயப்படாதிருங்கள் என்பதுதான் அங்கே பேச்சு. மேய்ப்பன் உவமை எல்லோருக்கும் 23ஆம் சங்கீதமாகத் தெரியும். ஆனால் எசேக்கியேல் 34இல் அதே மேய்ப்பன் உவமை, நோய்ப்பட்ட ஆட்டைக் குணமாக்காமல், கால் முறிந்ததற்குக் கட்டுப்போடாமல் தங்களையே மேய்த்துக்கொள்கிற மேய்ப்பர்களுக்கு எதிராகத் திரும்புகிறது. சபைத் தலைவர்கள் அடிக்கடி படிக்க வேண்டிய அதிகாரம். சங்கீதத்திலும் ஒன்று கவனித்திருக்கலாம். புல்வெளியில் இருக்கும்வரை 'அவர்' என்று கடவுளைப் பற்றிப் பேசுகிற தாவீது, மரண இருளின் பள்ளத்தாக்குக்கு வந்ததும் 'தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்' என்று நேராக அவரிடமே பேசத் தொடங்கிவிடுகிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவ்வளவாக யாரும் எடுக்காத ஒன்று: ராஜாவின் இருதயம் கர்த்தரின் கையில் நீர்க்கால்களைப் போல இருக்கிறது, நீதிமொழிகள் 21:1. எங்கள் ஊர் கே.ஆர்.பி. அணைப் பாசனத்தில் வயல் உள்ளவர்களுக்கு இது சட்டென்று புரியும். மடை திருப்புகிறவர் தண்ணீரைத் தள்ளுவதில்லை. அது தன் சரிவில் தானாகத்தான் ஓடுகிறது, ஆனாலும் அவர் வெட்டிவிட்ட வயலுக்குப் போய்ச் சேருகிறது. மனித விருப்பமும் கடவுள் ஆளுகையும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்ற பழைய சண்டைக்கு இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைத்ததில்லை.

இனி, நான் அதிகம் பயப்படும் விஷயம்: மாத்திரையை நிறுத்துவது. ஆளுகிறவர் அவர், பிறகு மாத்திரை எதற்கு என்று கன்வென்ஷன் கூட்டம் முடிந்து வந்து நிறுத்திவிடுகிறார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் பிடிக்கும். கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம். இவர்களுக்கு நான் சாகக் கிடந்த ராஜா எசேக்கியாவைக் காட்டுவேன். 2 இராஜாக்கள் 20இல் கடவுளே உனக்கு 15 வருஷம் கூட்டினேன் என்று சொல்லிவிட்டார். வாக்கு வந்த பிறகும் ஏசாயா அத்திப்பழ அடை கொண்டுவரச் சொல்லிப் பிளவைக் கட்டியின்மேல் பற்றுப் போடவைக்கிறார். அப்போஸ்தலர் 27ஐயும் காட்டுவேன். கப்பலில் 276 பேர், ஒருவர் உயிரும் போகாது என்று பவுலுக்கு வாக்கு இருக்கிறது. மாலுமிகள் படகை இறக்கித் தப்பப் பார்த்ததும் அதே பவுல், இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று போர்ச்சேவகரிடம் சொல்கிறார். வாக்கும் மாலுமியும் ஒரே அதிகாரத்தில் இருக்கிறார்கள்.

கிருஷ்ணகிரியில் 1895லேயே லூத்தரன் மிஷன் வேலை தொடங்கிவிட்டது, அந்தச் சபைப் பின்னணி உள்ளவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் லூத்தரையே துணைக்கு அழைப்பேன். ஜெர்மனியில் அவர் இருந்த விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் பரவிய 1527இல், இந்த நோயிலிருந்து ஓடலாமா என்று கேட்டவர்களுக்கு அவர் நீண்ட கடிதம் எழுதினார். மருந்தை அலட்சியம் செய்வது விசுவாசம் ஆகாது, கடவுளைச் சோதிப்பது என்பது அவர் நிலைப்பாடு. ஆளுகையை அவரைவிட அழுத்தமாகப் பேசியவர்கள் குறைவு.

யோசேப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீட்டில் அடி வாங்கும் பெண்களிடம் அவர் கதையைத்தான் சொல்லி அனுப்புகிறார்கள். நீங்கள் எனக்குத் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்ற ஆதியாகமம் 50:20. இதைச் சொன்னவர் யோசேப்பு. 17 வயதில் அண்ணன்மாராலேயே குழியில் போடப்பட்டு விற்கப்பட்டவர், அவர்களிடம் இதுபோல முதலில் பேசுவது ஏறக்குறைய 22 ஆண்டுகள் கழித்து. 50ஆம் அதிகாரத்து வரி வருவது இன்னும் 17 ஆண்டு தாண்டி, அப்பா இறந்த பிறகு. குழிக்குள் கிடந்தபோது மேலே நின்று யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. சொல்லும்போதும் செய்த தீமையைத் தீமை என்றே சொல்கிறார். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷன் குயவன் அல்ல. அந்தப் பெண்ணுக்குத் தேவை 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், இரவு தங்க ஓர் இடமும்.

துக்க வீட்டுக்குப் போகும்போது என்ன பேசுவது என்று சபைப் பெரியவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. யோபின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்ததில் உருப்படியானது அதுதான். பேச ஆரம்பித்த பிறகு சொன்னதில் பாதி நல்ல இறையியல். ஆனாலும் 42ஆம் அதிகாரத்தில், என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கடவுள் கோபப்படுவது அவர்கள்மேல்தான், கத்தித் தீர்த்த யோபுமேல் இல்லை. அதனால் போங்கள், உட்காருங்கள், சாப்பாடு கொண்டுபோங்கள். அவர்களாகக் குயவனைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். ஏன் இப்படிச் செய்தார் என்று கடவுள்மேல் கோபப்பட்டால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம். தூங்குகிறார்களா, மாத்திரையை விடாமல் போடுகிறார்களா என்று மட்டும் தவறாமல் விசாரியுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிடவில்லை, செத்துவிடலாம் என்று பேசுகிறார்கள் என்றால் தனியாக விடாதீர்கள். 14416க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், டெலி மனாஸ் என்ற அரசு சேவை அது, தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் தடவை போகும்போது சபையிலிருந்து ஒருவர் கூடப் போனால் பெரிய உதவி.