ஒரு தோள், இரு பிழைப்பு

"இது என் இணைக்குத் தெரிய வேண்டாம்."

தொழில்முறையாக இரட்டையர் டென்னிஸ் ஆடுகிறவர்கள் என் சிகிச்சை மேசையில் வந்து படுத்ததும் பெரும்பாலும் முதலில் சொல்வது இதைத்தான். எங்கே வலிக்கிறது என்பது அடுத்துத்தான் வரும். ஒற்றையர் ஆட்டக்காரர் தன் வலியை வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் மறைப்பார். அது போட்டியின் இயல்பு, எனக்கு அதில் குறையில்லை. இரட்டையர் ஆட்டக்காரரோ தன் பக்கத்திலேயே நிற்பவரிடம் மறைக்கிறார். விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் இயன்முறை மருத்துவராக நான் கையைப் பிசைந்துகொண்டு நின்ற காயங்களில் பலவும் இப்படி மூடி வைத்து முற்றியவை.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வயது முப்பத்தொன்று. சர்வ் போடும் தோளில் நான்கு மாதமாக வலி. ஆட்டத்துக்கு முன் ஒரு மாத்திரை, பின் ஒரு மாத்திரை என்று ஓட்டிக்கொண்டிருந்தார். தோளை உள்பக்கமாகச் சுழற்றச் சொன்னேன். இடது தோள் போன தூரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் வலது தோள் போயிற்று. ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டேன். பதிலுக்கு அவர் ஒரு கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கு தெரியாமல் இந்தத் தொழிலின் காயங்களைப் புரிந்துகொள்ள முடியாது.

இரட்டையர் போட்டியில் இடம் கிடைப்பது இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டி வரும் தொகையைப் பொறுத்தது. ஒருவர் 60ஆம் இடம், மற்றவர் 75ஆம் இடம் என்றால் அந்த ஜோடியின் எண் 135. ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் 250 வகைப் போட்டிகளில் வழக்கமாக 16 ஜோடிகளுக்குத்தான் இடம். ஒற்றையர் ஆட்டக்காரர்கள் தங்கள் ஒற்றையர் தரவரிசையைக் காட்டியும் அதில் நுழையலாம் என்பதால் நெரிசல் இன்னும் கூடும். வென்ற தரவரிசைப் புள்ளிகளுக்கு ஆயுள் 52 வாரம். இப்போது ஒருவர் தோளுக்காக எட்டு வாரம் ஓய்வெடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டு வாரமும் மற்றவர் சும்மா இருக்க முடியாது, வேறு ஆளைத் தேடியாக வேண்டும். தேடிக் கிடைத்தவரோடு நன்றாக ஆட்டம் அமைந்துவிட்டால் பழையவரிடம் ஏன் திரும்ப வேண்டும்? பெரும்பாலும் எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. கைபேசியில் வருகிற இரண்டு வரிச் செய்தியோடு மூன்று வருடக் கூட்டு முடிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே வாயை மூடிக்கொண்டு ஆடுகிறார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் வியப்பாக இருக்கும். இரட்டையர் ஆட்டம் என்றால் ஓட முடியாதவர்கள் இளைப்பாறும் இடம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. கனடாவின் இரட்டையர் ஆட்டக்காரர் டேனியல் நெஸ்டர் 46 வயதில்தான் ஓய்வு பெற்றார். ரோகன் போபண்ணா தன் முதல் ஆண்கள் இரட்டையர் கிராண்ட்ஸ்லாம் பட்டத்தை 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் மேத்யூ எப்டனுடன் வென்றபோது அவருக்கு வயது 43. அதே சமயத்தில்தான் அவர் முதன்முறையாக உலகின் முதலிடத்துக்கும் வந்தார். அந்த வயதில் அதற்கு முன் யாரும் முதன்முறையாக அங்கே வந்ததில்லை. முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துபோன பிறகு ஐயங்கார் யோகப் பயிற்சிதான் தன்னை நிறுத்தி வைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நீண்ட ஆயுளுக்கு ஆட்டத்தின் அமைப்பிலேயே காரணம் உண்டு. கோர்ட்டின் அகலம் ஒற்றையருக்கு 8.23 மீட்டர், இரட்டையருக்கு 10.97 மீட்டர். ஆனால் அதை இரண்டு பேர் பங்கிட்டுக் காக்கிறார்கள். ஒற்றையரில் இரண்டு கேமுக்கு ஒரு முறை சர்வ் போட வேண்டும், இங்கே நான்குக்கு ஒரு முறை. போதாததற்கு 2006 முதல் ஏடிபி இரட்டையர் போட்டிகளில் டியூஸ், அதாவது 40-40 என்ற சமநிலை, வந்தால் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டைபிரேக். மொத்தச் சுமை குறைவு என்பது உண்மைதான்.

ஆனால் சுமை குறைவாக இருப்பது ஒன்று, அது எப்படி வருகிறது என்பது வேறு. டியூஸில் ஒரே புள்ளி என்றால் அந்த சர்வில் கொஞ்சமும் மிச்சம் வைக்க முடியாது. வலையருகே நிற்பவர் ஒவ்வொரு பந்துக்கும் முழங்காலை மடக்கி, எதிரடி விழும் கணத்தில் சிறு குதி குதித்து இறங்கி, பக்கவாட்டில் பாய வேண்டும். பத்து முறை பாய்ந்தால் எட்டு முறை பந்து அவரிடம் வருவதே இல்லை. புள்ளிவிவரத்தில் அந்த எட்டும் ஏறாது. தொடையிடுக்கும் இடுப்பு மூட்டும் மட்டும் எட்டையும் எண்ணி வைத்திருக்கும்.

அப்புறம் காத்திருப்பு. இரட்டையர் ஆட்டங்கள் பெரும்பாலும் ஒற்றையர் ஆட்டம் முடிந்த பிறகு அதே கோர்ட்டில் நடப்பவை. முன்னால் ஆடுபவர்கள் இரண்டு செட்டில் முடிப்பார்களா, மூன்றுக்கு இழுப்பார்களா என்று யாருக்கும் தெரியாது. இவர்கள் உடலைச் சூடேற்றுவார்கள், ஆட்டம் நீளும், உட்காருவார்கள், மறுபடியும் சூடேற்றுவார்கள். மூன்றாவது தடவை சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். அன்றைக்குத்தான் கெண்டைக்கால் தசை கிழியும். பின்னாலிருந்து யாரோ கல்லெறிந்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாருமில்லை என்பார்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டி வார இறுதியில் பொழுதுபோக்காக இரட்டையர் ஆடுகிறவர்களுக்கும் இதே கதைதான். இதைப் படிக்கும் உங்களில் சிலர் அந்த வகை என்பதால் சொல்கிறேன்: காரிலிருந்து இறங்கி நேராக சர்வ் போடப் போகாதீர்கள்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலையருகே நிற்பவர் தன் இணை எப்படி அடிக்கிறார் என்று தலையைத் திருப்பிப் பார்ப்பது பயிற்சியில்லாதவர்களின் வழக்கம். திரும்பி முடிப்பதற்குள் எதிரடி முகத்துக்கு வந்துவிடும். பந்து நேராகக் கண்ணில் பட்டு விழித்திரை வரை சேதமானவரை நான் பார்த்திருக்கிறேன். எதிராளிகளைப் பாருங்கள், ராக்கெட்டை மார்புக்கு மேலே வைத்திருங்கள். பின்னால் நடப்பதைக் காதால் தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்க இரட்டையர் ஜோடியான பிரயன் சகோதரர்கள் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் ஒருவரின் காயம் மற்றவரை என்ன செய்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பாப், மைக் இருவரும் இரட்டையர்களாகவே பிறந்தவர்கள். ஒருவர் இடக்கை, ஒருவர் வலக்கை. சேர்ந்து 16 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள், மொத்தம் 119 பட்டங்கள். 2018 மே மாதம் மாட்ரிட் இறுதியாட்டத்தில் பாப் இடுப்பு வலியால் பாதியில் விலகினார். ஆகஸ்டில் இடுப்பு மூட்டின் பந்து போன்ற தலைப்பகுதிக்கு உலோகத் தொப்பி போடும் அறுவை சிகிச்சை நடந்தது. மைக் என்ன செய்தார்? ஜாக் சாக் என்பவரோடு சேர்ந்து அதே ஆண்டு விம்பிள்டனையும் அமெரிக்க ஓப்பனையும் வென்றார். நன்றாக ஓடுகிற குதிரை. எந்தக் கணக்குப்படியும் அவர் அதிலேயே தொடர்ந்திருக்க வேண்டும். 2019 ஜனவரியில் பாப் திரும்பினார், மைக் அவரிடமே போனார். மார்ச்சில் மியாமி பட்டத்தை இருவரும் சேர்ந்து வென்றார்கள்.

எல்லோருக்கும் கூடப் பிறந்தவன் இணையாக அமைவதில்லை. மற்றவர்கள் திரும்பும்போது நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

பாப் பிரயனைப் பார்த்துத்தான் ஆண்டி முர்ரே அதே வகை அறுவை சிகிச்சைக்குத் துணிந்தார். 2019 ஜனவரியில் செய்துகொண்டு, ஜூனில் லண்டன் குவீன்ஸ் கிளப் இரட்டையர் பட்டத்தை ஃபெலிசியானோ லோபஸுடன் வென்றார். அதன் பிறகு கொஞ்ச காலம், இடுப்பில் லேசாகப் பிடித்தவர்கள்கூட "எனக்கும் உலோகம் வைத்துவிடலாமா" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். மூட்டு முற்றிலும் தேய்ந்தவருக்குக் கடைசி வழி அது. பலருக்குப் பிட்டத் தசையை மூன்று மாதம் ஒழுங்காக வலுப்படுத்தினாலே போதும். சொன்னால் முகம் வாடிவிடும். உலோகத்தில் இருக்கிற கவர்ச்சி உடற்பயிற்சியில் இல்லை.

இப்போது எங்கள் தரப்புச் சங்கடம். இந்தத் தொழிலில் பணம் குறைவு. 2025 விம்பிள்டனில் ஒற்றையர் முதல் சுற்றில் தோற்றவருக்கு 66,000 பவுண்ட். இரட்டையர் முதல் சுற்றில் தோற்ற ஜோடிக்கு 16,500, அதையும் இருவர் பிரித்துக்கொள்ள வேண்டும். உலகத்தின் மிகப் பெரிய போட்டியிலேயே இப்படி என்றால் சிறிய போட்டிகளைச் சொல்ல வேண்டாம். எனவே தனக்கென்று இயன்முறை மருத்துவரை வைத்துக்கொள்ள மிகச் சிலரால்தான் முடியும். இருவரும் சேர்ந்து ஒருவரை அமர்த்திக்கொள்வார்கள். அப்படி நானும் ஒரு பருவம் முழுக்கப் போயிருக்கிறேன். காலையில் ஒருவரின் தோளைப் பிடித்துவிடுவேன், மாலையில் மற்றவர் "அவன் தோள் எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். சம்பளத்தில் பாதி அவர் தருவது. ரகசியமோ மற்றவருடையது.

முதல் தடவை நான் சொதப்பினேன். "பரவாயில்லை" என்று பொதுவாகச் சொல்லி நழுவினேன். அந்தச் சொல்லை நம்பி அவர் மூன்று போட்டிகளுக்கு விமான டிக்கெட் வாங்கிவிட்டார். தோள் முதல் போட்டியிலேயே நின்றது. அன்று அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஜோடியோடு வேலை தொடங்கும் முன்பே மூவரும் உட்கார்ந்து பேசி எழுதி வைத்துக்கொள்கிறோம். நோயின் விவரம் அவரவருடையது. "அடுத்த வாரம் ஆட முடியுமா, முடியாதா" என்ற ஒரே கேள்விக்கான பதில் மட்டும் இருவருக்கும் பொது. இதற்குச் சம்மதிக்காத ஜோடியை நான் ஏற்பதில்லை.

மறைத்து ஆடுவதில் இன்னொரு நஷ்டம் இருக்கிறது, பலர் இதை யோசிப்பதில்லை. காயத்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஆட முடியாமல் போனவருக்குத் தரவரிசைப் பாதுகாப்புக் கேட்க ஏடிபி விதி இடம் தருகிறது. பாதுகாக்கப்படும் எண் எது? விலகிய முதல் மூன்று மாதங்களின் சராசரித் தரவரிசை. வலியோடு ஆறு மாதம் இழுத்து, முதல் சுற்றுகளில் தோற்றுத் தோற்று 60இலிருந்து 140க்குச் சரிந்த பிறகு விலகினால், சரிந்த எண்தான் பாதுகாக்கப்படும். 60இல் இருக்கும்போதே நின்றிருந்தால் திரும்பி வரும்போது புது இணை தேடுவதும் சுலபம்.

ஊசி விஷயமும் அப்படித்தான். போகிற ஊரில் யாரோ ஒரு மருத்துவரிடம் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு ஆடிவிடலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022 ஜனவரி 1 முதல் குளுக்கோகார்ட்டிகாய்டு என்ற இந்த வகை ஸ்டீராய்டு ஊசிகள், மூட்டில் போடுவது உட்பட, போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டவை. வலி குறைந்த தோளோடு ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொள்வதைவிட, ஊசிக்கு முன் விளையாட்டு மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுவிடலாம்.

காயத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று பயப்படுபவர்களுக்கு ஹாரி ஹெலியோவாராவைக் காட்டுவேன். பின்லாந்துக்காரர். காயங்களால் 24 வயதிலேயே 2013இல் ஆட்டத்தை விட்டு, ஹெல்சிங்கி விமான நிலையத்தில் வேலைக்குப் போனார். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி இரட்டையரில் இறங்கினார். 2024இல் ஹென்றி பேட்டனுடன் விம்பிள்டன் வென்றார். அவரைப் போல எல்லோரும் வெல்வார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சில வருட இடைவெளிக்குப் பிறகும் உடல் திரும்ப வருகிறது என்பதற்கு மட்டும் அவர் சாட்சி.

அந்த முப்பத்தொரு வயதுக்காரரிடம் நான் ஒரே நிபந்தனை போட்டேன். சிகிச்சை தொடங்க வேண்டுமென்றால் இணையிடம் சொல்லிவிட்டு வாருங்கள். இரண்டு நாள் கழித்து வந்தார், முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு. இணைக்கு முன்பே தெரியுமாம். "நீ சர்வ் போடும்போது நான் முன்னால் குனிந்து நிற்கிறேன். ராக்கெட்டில் பந்து படும் சத்தம் கேட்டதிலிருந்து அது என்னைத் தாண்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று என் காதுக்குத் தெரியாதா? இரண்டு மாதமாகத் தெரியும். நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன்" என்றாராம்.

தோள் சரியாகப் பத்து வாரம் ஆயிற்று. அதற்குள் அந்த இணை வேறொருவரோடு இரண்டு அரையிறுதி ஆடி, அவரோடேயே தங்கிவிட்டார். இருவருக்கும் இப்போதும் நல்ல நட்பு. நம் ஆள் ஓர் இடக்கைக்காரரைப் பிடித்தார். புது ஜோடி முதல் பயிற்சிக்கு முன்பே என்னிடம் சேர்ந்து வந்தது. இவர் தன் தோளின் கதையைத் தொடங்கியதும், இடக்கைக்காரர் ஒன்றும் பேசாமல் சட்டையைக் கழற்றித் தன் தோளிலிருந்த மூன்று தையல் தழும்புகளைக் காட்டினார்.