அப்பாவின் மொரிஸ் மைனரை விற்க முன்

சென்ற குளிர்காலத்தில் ஒரு தம்பி என் கராஜுக்கு வந்தார். "அண்ணா, அப்பாவின் பழைய கார் வீட்டு முன்றலில் நிற்கிறது. ஒருவர் 1,800 பவுண் கையில் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடட்டுமா?" என்றார்.

1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். இரண்டு கதவு, 948 சிசி எஞ்சின், கதவுத் தூணுக்குள்ளிருந்து கைபோல் நீண்டு, திரும்பும் பக்கத்தைக் காட்டும் குறிகாட்டி. அப்பா 1970களில் லண்டனுக்குப் படிக்க வந்தவர். ஊரில் டொக்டர் ஓடிய கார் என்ற ஒரே காரணத்துக்காக, அப்போதே பழசாகிப்போயிருந்த இதை வாங்கி, கண் மூடும்வரை வைத்திருந்தார்.

வாங்க வந்தவர் பொனெட்டைத் திறந்து பார்த்தாரா என்று கேட்டேன்.

"இல்லை. முன்னாலும் பின்னாலும் இலக்கத் தகட்டைப் படம் எடுத்தார். வாகனப் பதிவுப் பத்திரம் இருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டார்."

அவருக்கு வேண்டியது கார் அல்ல என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

பிரிட்டனில் 1963க்கு முன் கொடுக்கப்பட்ட இலக்கங்களில் ஆண்டைக் காட்டும் எழுத்து கிடையாது. எந்த வயதுக் காரிலும் பூட்டலாம் என்பதால் அவற்றுக்குத் தனிச் சந்தை இருக்கிறது. எழுத்துகள் யாருடைய பெயரின் முதலெழுத்துகளோடாவது ஒத்துப்போனால், தகடு காரைவிட விலை போவதும் உண்டு. காரை விற்றுப் பதிவும் கைமாறிவிட்டால் அந்த இலக்கத்தின் உரிமையும் அதோடு போய்விடும். பிறகு அழுது பயனில்லை. இலக்கம் வேண்டுமென்றால் விற்பதற்கு முன்பே 80 பவுண் கட்டி வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.யிடம் அதைத் தனியே எடுத்து வைக்கலாம். காருக்கு அதன் காலத்துக்குப் பொருந்தும் வேறோர் இலக்கம் கொடுப்பார்கள். என்னைக் கேட்டால், பிறந்த நாள் முதல் கூடவே வந்த இலக்கத்தைக் காரிலிருந்து கழற்ற எனக்கு மனம் வராது. ஆனால் அதை முடிவுசெய்ய வேண்டியவர் விற்பவர். வாங்க வந்தவர் சத்தமில்லாமல் முடிவுசெய்யக் கூடாது.

அடுத்து கடதாசிகளைக் கேட்டேன். "ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய பில்கள் இருந்தன, எறிய வைத்திருக்கிறோம்" என்றார். எனக்குத் தலை சுற்றியது. டின்னைக் கொண்டுவரச் சொன்னேன். அடியில் மடித்த மட்டை உறையில் 1958இன் பதிவுப் புத்தகம். முதல் உரிமையாளர் முதல் அப்பா வரை ஒவ்வொரு கைமாறலுக்கும் உள்ளூராட்சி அலுவலக முத்திரை. அதன்மேல் பிறேக் வேலை, கிளட்ச் வேலை, வெல்டிங் வேலை என்று நாற்பது ஆண்டு ரசீதுகள். இத்தகைய காரை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் இந்த டின்னைத்தான் வாங்குகிறார்கள். இதற்கு மேல் கெய்டனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதினால், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். இந்தக் கார் பிறந்தபோது கறுப்பு நிறம் என்று அதில் வந்தது. அப்பாதான் சாம்பல் நிறம் பூசியிருக்கிறார். அதையும் விளம்பரத்தில் எழுதச் சொன்னேன்.

இப்போது கறள். மைனரின் முன், பின் மட்கார்டுகள் போல்ட் பூட்டியவை. அவை உக்கினாலும் மாற்றிவிடலாம். பயப்பட வேண்டியது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுகளுக்கும், பின் ஸ்பிரிங் தொங்கும் இடத்துக்கும். உக்கிய தகட்டின்மேல் புதுத் தகட்டை ஒட்டி, அல்லது ஓட்டையைப் பசையால் அடைத்து, பூச்சடித்து மினுக்கிவிடுவது பழைய வித்தை. நான் சட்டைப் பையில் ஒரு சிறிய காந்தம் வைத்திருக்கிறேன். இந்தக் காரின் இடது பக்கம் முழுக்க அது கவ்விப் பிடித்தது. வலது பக்கத்தில், சாரதிக் கதவின் பின்மூலைக்குக் கீழே, கையை எடுத்ததும் நழுவி விழுந்தது. திருப்புளியின் பிடியால் தட்டினேன். இடது பக்கம் ணங் என்றது. இங்கே தொப் என்றது. உள்ளே இரும்பில்லை, பசைதான்.

பிறகு முன் சில்லை ஜாக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். கடக் என்றது. ட்ரனியன் தேய்ந்திருக்கிறது. முன் சில்லைத் தாங்கும் தண்டு, மைனரில் கீழே ட்ரனியன் என்ற இந்தத் திருகாணிப் புரியில்தான் நிற்கிறது. கிறீஸ் இல்லாமல் புரி தேய்ந்து முடிந்தால், ஒரு வளைவில் சில்லு மடங்கிப் படுத்துவிடும். கிறீஸ் அடிப்பது ஐந்து நிமிட வேலை. அப்பா நோயில் விழுந்த பிறகு அதைச் செய்ய ஆளில்லை.

"நாற்பது வயதான காருக்கு எம்.ஓ.டி. தேவையில்லையே" என்றார் தம்பி. உண்மைதான். வீதியில் ஓடத் தகுதியா என்று ஆண்டுதோறும் பார்க்கும் அந்தச் சோதனையிலிருந்து, பெரிதாக உருமாற்றாத பழைய கார்களுக்கு 2018 மே முதல் விலக்கு இருக்கிறது. விலக்கு சோதனைக்குத்தான், பாதுகாப்புக்கு அல்ல. வீதியில் ஓடத் தகுதியற்ற வாகனத்தை, ஓட்டுவதற்கென்று தெரிந்தே விற்பது 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். தனியாள் விற்பனையில் "பார்த்து வாங்கியது உன் பாடு" என்று சொல்லலாம்தான். ஆனால் விளம்பரத்தில் எழுதிய பொய்க்கு அந்த மறைப்பு கிடையாது. கறள் இல்லை என்று எழுதிவிட்டு இருந்தால் வழக்கு வரும். விற்பதற்கு முன் ஒரு முறை விரும்பியே எம்.ஓ.டி. செய்துகொள்ளுங்கள். கட்டணம் அதிகபட்சம் 54.85 பவுண். என் கல்லாவுக்காகச் சொல்லவில்லை. வேறு கராஜில் செய்தாலும் சரி.

தம்பி செய்த விளம்பரத்தில் முதல் படமே அந்த வலது மூலைதான், நழுவிய காந்தத்தோடு. இரண்டாவது படம் ட்ரனியன். "திருத்தாமல் வீதியில் ஓட்டக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் போட்டார். பதிவுப் பத்திரத்தையும் படமெடுத்துப் போட இருந்தார், தடுத்தேன். வி5சி எனப்படும் அந்தப் பத்திரத்திலுள்ள பதினோரு இலக்க எண் கிடைத்தால், கார் விற்கப்பட்டதென்று அந்நியன் ஒருவன் டி.வி.எல்.ஏ.க்கு அறிவிக்க முடியும். அந்தப் பத்திரம் உரிமைக்கான சான்றும் அல்ல, பதிவுகாரர் யார் என்பதை மட்டுமே சொல்லும். ஆகவே விற்பனைக்குத் தனி ரசீது எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். வாங்குபவருக்குப் பதிவுப் பத்திரத்திலுள்ள பச்சைத் துண்டை மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே இணையத்தில் விற்பனையை அறிவித்துவிடுங்கள். இல்லையேல் அவர் வாங்கும் தண்டப் பத்திரங்கள் உங்கள் வாசலுக்கு வரும். பழைய கார்களுக்கு வீதி வரி பூச்சியம் என்றாலும் வரிப் பதிவு கட்டாயம், அது புதியவருக்குக் கைமாறாது. அவர் தன் பெயரில் எடுக்க வேண்டும். இலாபம் வந்தால் மூலதன ஆதாய வரி இருக்குமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். சொந்தப் பாவனைக் காருக்கு அது இல்லை.

கார் 3,400 பவுணுக்குப் போனது, இலக்கத்தோடு. எடுக்க வந்தவர் ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர், பின்னால் ட்ரெய்லர் இழுத்துக்கொண்டு வந்தார். எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்ததைப் பார்த்து, அடுத்த ஊர்தானே, மெதுவாக ஓட்டிப் போகலாமே என்று தம்பி கேட்டிருக்கிறார்.

"உங்கள் இரண்டாவது படத்தைப் பார்த்த பிறகா?" என்றாராம் அவர்.