வெள்ளைச் சட்டையில் லிப்ஸ்டிக்: தண்ணீர் கடைசியில்தான்

மதுரைக் கல்யாண மண்டபங்களில் முகூர்த்தம் முடிந்து பந்திக்குக் கிளம்பும் நேரத்தில் ஆண்களின் வெள்ளைச் சட்டைகளைக் கவனியுங்கள். தோளில் சித்தியின் ஃபவுண்டேஷன் ஒட்டியிருக்கும், காலரில் தூக்கி வைத்திருந்த குழந்தையின் கண்மை. கைமடிப்பில் லிப்ஸ்டிக் கோடு ஒன்று, யாருடையது என்று விசாரிக்காமல் இருப்பது நல்லது. அடுத்து, கை கழுவும் இடத்துக்கு ஓடித் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள். கோடாக இருந்தது உள்ளங்கை அகலத்துக்குப் படரும்.

காரணம், லிப்ஸ்டிக்கில் பெரும்பங்கு எண்ணெயும் மெழுகும்தான். விளக்கெண்ணெய், தேன்மெழுகு, கார்நாபா மெழுகு ஆகியவை வழக்கமான சரக்குகள். நிறம் கொடுப்பவை இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு, சாயமேற்றிய பொடிகள். ஃபவுண்டேஷனிலும் அதே இரும்பு ஆக்சைடுதான். எண்ணெயோடு சிலிகோனும் பெரும்பாலும் இருக்கும். கண்மை என்றால் கரியும் எண்ணெயும். ஆக, எந்த மேக்கப் கறையிலும் பசை ஒன்று, பொடி ஒன்று என இரண்டு சமாச்சாரங்கள் உண்டு. தண்ணீர் இந்தப் பசையைத் தொடாது. தேய்க்கிற கைதான் அதைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகிறது.

பருத்தி இழையின் தடிமன் சுமார் 12 முதல் 20 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). காய் வெடித்துக் காயும்போது உருண்டையான அந்த இழை தட்டையாகி, முறுக்கிய ரிப்பன் போல ஆகிவிடும். அதனால் நெடுக மடிப்பும் பள்ளமும். மேக்கப் பொடிகளோ பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் சிறியவை; அந்தப் பள்ளங்களில் வசதியாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அவை பருத்தியோடு வேதிப்பிணைப்பு எதையும் போட்டுக்கொள்வதில்லை. எண்ணெய் பிடித்து வைத்திருப்பதால் இருக்கின்றன, அவ்வளவே. பொடியை விரட்ட வேண்டியதில்லை. எண்ணெயைக் கழற்றினால் பொடியும் அதன் பின்னால் போய்விடும்.

ப்ளீச்சிங் பவுடர் இங்கே தோற்பதும் இதனால்தான். சாய மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றி உடைப்பதுதான் ப்ளீச்சின் வேலை. இரும்பு ஆக்சைடு ஏற்கெனவே ஆக்சிஜனேறிய இரும்பு. அதில் உடைக்க என்ன மிச்சம்? கண்மையின் கரியும் அசையாது. துணிதான் நைந்துபோகும்.

சரி, எண்ணெயை எப்படிக் கழற்றுவது? பாத்திரம் கழுவும் திரவம் போதும். அதன் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், நீண்ட வால் எண்ணெய்க்குள் நுழையும். வால்கள் எண்ணெயைச் சூழ்ந்துகொண்டு அதைச் சிறுசிறு துளிகளாகப் பிரித்துத் தூக்கும்; அந்தத் துளிகளைத்தான் தண்ணீர் அடித்துச் செல்கிறது. முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் திரவம் நீர்த்துப்போகும். அதனால் காய்ந்த துணியிலேயே விடுங்கள். கறை கீழே பார்க்கும்படி பழைய துண்டின் மேல் விரித்து, பின்பக்கத்தில் திரவத்தைத் தடவி, 10 நிமிடம் கழித்து விரலால் ஒற்றுங்கள். வந்த வழியே பொடி துண்டில் இறங்குவது சிவப்பாகத் தெரியும். துண்டை நகர்த்தி நகர்த்தி ஒற்றி, நிறம் இறங்குவது நின்ற பிறகுதான் தண்ணீர்.

கல்யாண வீட்டில் அந்தத் திரவத்துக்கு எங்கே போவது என்றால், கைப்பையில் ஆல்கஹால் சானிடைசர் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான தாவர எண்ணெய்கள் ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. விளக்கெண்ணெய் கரையும். அதன் கொழுப்பமிலத்தில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிதான் காரணம்; ஆல்கஹாலிலும் இருக்கிற அதே ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி. லிப்ஸ்டிக்கில் விளக்கெண்ணெய் நிறைய இருப்பது நமக்கு அதிர்ஷ்டம்.

பார் சோப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் ஊர் போர் தண்ணீரில் பல இடங்களில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அவை சோப்போடு சேர்ந்து வெண்ணிறக் கசடாகி, கறைப் பொடியையும் பிடித்துக்கொண்டு துணியிலேயே படியும். செயற்கை டிடர்ஜென்ட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு.

அப்புறம், சூடு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், கார்நாபா 80 டிகிரியைத் தாண்டித்தான். கறையோடு இஸ்திரி போட்டால் மெழுகு உருகி இழைக்குள் ஆழமாக இறங்கும். வெள்ளாவி வைத்தால் போகாதா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். உவர்மண் கரைசலில் நனைத்து ஆவியில் வேகவைக்கும்போது, மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட் உடம்பின் எண்ணெய்ப் பசையைச் சோப்பாக்கிவிடும். வேட்டி வெளுத்தது அப்படித்தான். லிப்ஸ்டிக் மெழுகு எளிதில் அப்படி மாறாது, சிலிகோன் மாறவே மாறாது.

மஞ்சள் குங்குமம் வேறு ஜாதி. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் பருத்தியில் நிஜமாகவே சாயமாக ஏறும். சோப்பு, சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் பட்டால் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வது இந்தக் குணத்தை வைத்துத்தான். சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை செம்பழுப்பாக மாறினால் பதற வேண்டாம், நன்றாக அலசினால் திரும்பவும் மஞ்சளாகும். மிச்சத்தைச் சித்திரை வெயிலில் போடுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். கடையில் வாங்கும் குங்குமத்தில் செயற்கைச் சாயம் கலந்திருந்தால் மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது.

சுங்குடிச் சேலைக்கு வெயில் வைத்தியம் வேண்டாம், அதன் சாயமும் சேர்ந்து வெளுக்கும். சானிடைசரோ திரவமோ எதுவானாலும், கொசுவத்துக்குள் மறையும் பகுதியில் ஒரு சொட்டு விட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.