பனிக்காலத்தில் தேன்பெட்டியைத் திறக்காதீர்கள்

ஜனவரி மாதத்தில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியோடு வருகின்றன. “அண்ணை, பெட்டிக்கு முன்னால ஸ்னோவில முப்பது நாப்பது தேனீ செத்துக் கிடக்குது. மிச்சமும் முடிஞ்சுதோ? ஒருக்காத் திறந்து பாக்கட்டோ?” கனடாவின் தென் ஒன்ராறியோவில் வீட்டு வளவில் ஒன்றிரண்டு பெட்டி வைத்திருக்கும் எவருக்கும் இந்தப் பதற்றம் வரும். திறக்க வேண்டாம் என்பதே எப்போதும் என் பதில். வெண்பனியின் மேல் இறந்த தேனீக்கள் கிடப்பது, கூடு உயிரோடு இருப்பதற்கான அடையாளம். ஏனெனில் அவற்றை உள்ளிருந்து இழுத்து வந்து வெளியே போடுவதற்கு ஆளிருக்கிறது, அல்லது வெயில் கண்ட ஒரு மதியத்தில் அவை தாமாகவே பறந்து வந்து, திரும்ப முடியாமல் விழுந்திருக்கின்றன. பக்கத்துப் பெட்டிகளின் முன்னால் இப்படிக் கிடக்கும்போது ஒரு பெட்டியின் முன்னால் மட்டும் பனி துப்புரவாக இருந்தால், அதைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

தேனீக்கள் குளிர்கால உறக்கத்துக்குப் போவதில்லை. குளவிகளிலும் பம்பிள் தேனீக்களிலும் கருவுற்ற இளம் இராணி மட்டுமே எங்காவது ஒளிந்திருந்து குளிர்காலத்தைக் கடக்கும். நாம் இங்கே வளர்க்கும் ஐரோப்பியத் தேனீயோ குடும்பமாக விழித்திருந்தே கடக்கிறது. வெளியே வெப்பநிலை ஏறக்குறைய 14 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் அவை அடைகளுக்கிடையே ஒன்றுகூடிப் பந்துபோலத் திரள்கின்றன. உட்புறத்தில் இருப்பவை, சிறகை அசைக்காமலே, பறப்பதற்கான தசைகளை இறுக்கித் தளர்த்தி வெப்பம் உண்டாக்குகின்றன. குளிரில் நாம் நடுங்குவது போன்றதே இது. வெளியடுக்கில் இருப்பவை தலையை உள்நோக்கி வைத்துக்கொண்டு நெருக்கியடித்து நிற்கின்றன. புழு வளர்ப்பு இல்லாத மாதங்களில் திரளின் நடுப்பகுதி 20 பாகைக்குச் சற்று மேலாகவும், வளர்ப்புத் தொடங்கிய பின் 34, 35 பாகையாகவும் இருக்கும். வெளியடுக்கு 10 பாகையை ஒட்டியே நிற்கும். உடல் வெப்பம் அதற்கும் கீழே போன தேனீ, கால்பிடி நழுவி அடிப்பலகையில் விழுந்துவிடும்.

திரள் சூடாக்குவது தன்னைத்தானே, பெட்டியை அல்ல. காப்பு எதுவும் சுற்றாத பெட்டியின் மூலையில் ஒரு வெப்பமானியை வைத்தால், வெளிக்குளிரைவிடச் சற்றே கூடுதலாகத்தான் காட்டும். திரளின் வெளியடுக்கு கம்பளிபோல வேலை செய்கிறது என்றே நாங்கள் நெடுங்காலம் சொல்லி வந்தோம். லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெரெக் மிட்செல் 2023 இல் வெளியிட்ட ஆய்வில் இதை மறுத்து, அந்த அடுக்கு சிறந்த காப்பு அன்று என்றும், இறுகத் திரள்வது தேனீக்களுக்கு ஒரு துன்ப நிலை என்றும் வாதிட்டார். அவருடைய முடிவு முழுவதையும் நான் ஏற்கவில்லை. ஆயினும், தடித்த மரப்பொந்தில் வாழப் பழகிய உயிரை முக்கால் அங்குலப் பலகைக்குள் வைத்திருக்கிறோம் என்பதில் மறுக்க ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு காப்புப் பலகை இல்லாமல் எந்தப் பெட்டியையும் நான் நவம்பர் தாண்டி விட்டதில்லை.

ஆனால் குளிர் மட்டுமே ஒரு கூட்டைக் கொல்வது அரிது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்றைக்கும் உறுத்துகிறது. தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு பெட்டியைத் திறந்தபோது, அடை கட்டியிருந்த நடுச்சட்டத்தில் ஒரு கைப்பிடி அளவே தேனீக்கள், தலையை அறைகளுக்குள் நுழைத்து, வால்நுனி மட்டும் வெளியே தெரிய, வரிசையாக இறந்திருந்தன. இரண்டு சட்டம் தள்ளி, மெழுகுமூடி கூட உடையாத தேன் நிறைய இருந்தது. தேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பட்டினியில் இறந்திருந்தன. கடுங்குளிர் நாட்கணக்கில் நீடித்தால், சிறு திரளால் பிரிந்து பக்கத்து அடைக்குப் போக முடியாது, நகர்ந்தால் விறைத்துவிடும். அப்போது நான் குளிரைத்தான் குறை சொன்னேன். திரள் ஏன் அவ்வளவு சிறியதாக இருந்தது என்று கேட்கும் அறிவு அன்று இல்லை.

அதற்கான விடை ஓகஸ்ட் மாதத்தில் இருக்கிறது. கோடையில் ஒரு பணித்தேனீ ஐந்து, ஆறு வாரங்களே வாழும். ஆனால் கோடை இறுதியிலும் இலையுதிர் காலத்திலும் பிறக்கும் தேனீக்கள் வயிற்றிலுள்ள கொழுப்புத் திசுவில் புரதத்தைச் சேமித்துக்கொண்டு ஐந்து, ஆறு மாதங்கள் வரை வாழ்கின்றன. வசந்தத்தின் முதல் புழுக்களுக்கு ஊட்டுபவையும் இவைதான். வரோவா உண்ணி தின்பது முக்கியமாக அந்தக் கொழுப்புத் திசுவையே. கூட்டுப்புழுவாக இருக்கும்போதே உண்ணி கடித்த தேனீ, பார்வைக்கு முழுமையாக இருந்தாலும் டிசெம்பரைத் தாண்டாது. 2021-22 குளிர்காலத்தில் கனடா முழுவதும் ஏறத்தாழ 45 விழுக்காட்டுக் கூடுகள் அழிந்தபோது, வளர்ப்பாளர்கள் முதன்மையாகச் சுட்டிய காரணம் இந்த உண்ணிதான். எனவே, கோடை இறுதியில் மஞ்சளாகப் பூக்கும் கோல்டன்றொட் செடி பூத்து முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று மருந்திடலைத் தள்ளிப்போடுவது பெரும் பிழை. ஓகஸ்ட் மாதத்திலேயே உண்ணியை எண்ணிப் பார்த்துச் சிகிச்சை முடித்துவிட வேண்டும். நவம்பர் பிற்பகுதியில் கூட்டில் புழு இல்லாதபோது ஒட்சாலிக் அமிலம் கொடுப்பது மிச்சத்தைத் துடைக்கும். மூடிய அறைக்குள் இருக்கும் உண்ணியை அது தொடாது என்பதால்தான் அந்தக் காத்திருப்பு.

குளிருக்கு அடுத்து எல்லோரும் மறந்துவிடுவது ஈரம். தேனை எரித்து வெப்பம் உண்டாக்கும்போது நீராவியும் உண்டாகிறது. ஒரு கிலோ தேனிலிருந்து அரை லீட்டருக்கும் கூடுதலான நீர். அது குளிர்ந்த மேல்மூடியில் பட்டுத் துளியாகித் திரளின் மேலேயே சொட்டினால், வறண்ட குளிரில் தப்பியிருக்கக்கூடிய கூடும் அழியும். ஆகவே, பக்கங்களைவிட மேற்புறத்துக்கே தடித்த காப்புத் தேவை. மேலே ஒரு சிறு துவாரமும், பெட்டி முன்பக்கம் சற்றே சரிந்திருப்பதும் உதவும். பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் பொதிந்து கட்டும் நல்ல மனதுக்காரர்களை ஒவ்வோர் ஆண்டும் சந்திக்கிறேன்.

தேனீ தன் கூட்டுக்குள் மலம் கழிப்பதில்லை. வாரக்கணக்கில் அடக்கி வைத்திருந்து, 10 பாகையை நெருங்கும் ஒரு வெயில் நாளில் கூட்டமாக வெளியே பறந்து கழிக்கும். மறுநாள் வெண்பனியிலும் பக்கத்து வீட்டுக் காரின் மேலும் தெரியும் மஞ்சள் கலந்த பழுப்புப் புள்ளிகள் நோயல்ல. அதே கறை வாசற்பலகையிலும் சட்டங்களின் மேலும் அப்பிக் கிடந்தால் மட்டும் வயிற்றுக்கோளாறு என்று சந்தேகிக்கலாம்.

பெட்டியைத் திறக்காமலே உள்ளே நடப்பதை அறியலாம். காற்றில்லாத நேரமாகப் பார்த்துப் பெட்டியின் பக்கவாட்டில் காதை ஒட்டி வைத்து, விரல் முட்டியால் ஒரே ஒரு தட்டுத் தட்டுங்கள். சட்டென்று எழுந்து சில நொடிகளில் அடங்கும் ரீங்காரம் கேட்டால் போதும், திரும்பிப் போங்கள். எழுந்த ஒலி அடங்காமல் நீண்ட முனகலாகத் தொடர்ந்தால் இராணி இல்லாதிருக்கக்கூடும். ஆயினும் ஜனவரியில் அதற்கு நீங்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை. பிறகு பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் மெல்லத் தூக்கிப் பாரத்தைக் கணியுங்கள். ஒக்டோபரிலும் இதேபோலத் தூக்கிப் பார்த்திருந்தால் வித்தியாசத்தைக் கையே சொல்லிவிடும்.

இங்கே ஒரு கூட்டுக்குக் குளிர்காலம் கடக்க 30 கிலோ அளவில் தேனோ, இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு நீர் சேர்த்த பாகிலிருந்து அவை சேமித்த உணவோ வேண்டும். டிசெம்பர் வரை செலவு மிகக் குறைவு. பெப்ரவரியில் இராணி மீண்டும் முட்டையிடத் தொடங்கியதும் நடுப்பகுதியை 35 பாகையில் வைத்திருக்க வேண்டியிருப்பதால் தேன் மளமளவென்று கரையும். என் அனுபவத்தில் பட்டினிச் சாவு கூடுதலாக நேர்வது மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான், வளர்ப்பவர் ‘வின்டர் முடிஞ்சுது’ என்று மூச்சுவிட்ட பிறகு. பெட்டி இலேசாகத் தெரிந்தால், காற்றடங்கிய ஒரு மதியத்தில் மூடியை அரை நிமிடம் மட்டும் நகர்த்தி, சட்டங்களின் மேலே செய்தித்தாள் விரித்துச் சற்றே ஈரமாக்கிய சீனியைத் திரளுக்கு நேர்மேலே குவித்துவிட்டு மூடிவிடுங்கள். அந்தக் குளிரில் நீர்ப்பாகு கொடுக்காதீர்கள். அதை அவற்றால் வற்றவைக்க முடியாது. சட்டங்களை வெளியே எடுத்துப் பார்ப்பதற்கு, வில்லோ மரங்கள் பூத்து, பணித்தேனீக்கள் பின்னங்காலில் மஞ்சள் மகரந்த உருண்டையோடு வாசலில் இறங்கும் நாள்வரை பொறுத்திருங்கள்.