வெண்கல ஆந்தையும் களிமண் அச்சும்

சீனாவின் அன்யாங்கில், சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முந்தைய ஷாங் வம்சத்து அரசர் வு திங்கின் மனைவி பூ ஹாவோவின் கல்லறையை 1976-ல் ஜெங் ஜென்ஷியாங் தலைமையிலான குழு தோண்டியது. கொள்ளை போகாத அந்தக் கல்லறையில் கிடைத்த 468 வெண்கலப் பொருள்களில் ஓர் ஆந்தை ஜோடியும் உண்டு. உருவம்தான் ஆந்தை, வேலை மதுக்குடம். பின்தலையைத் தூக்கினால் அதுதான் மூடி. இரண்டு கால், தரையைத் தொடும் வால் என மூன்று முனைகளில் நிற்பதால் ஆடாது. சிறகில் பாம்பு சுருண்டிருக்கிறது, மார்பில் சில்வண்டு, கைப்பிடிக்குக் கீழே இன்னோர் ஆந்தை.

இவை வெண்கலத்தில் உளியால் செதுக்கியவை அல்ல. முதலில் களிமண்ணில் மாதிரி. அதன்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, சற்று இறுகியதும் துண்டுகளாக வெட்டி எடுத்துச் சுடுவார்கள்; இதுதான் அச்சு. மாதிரியின் மேற்பரப்பைச் சீவிவிட்டால் அதுவே உள்கரு. அதைச் சுற்றி அச்சைப் பொருத்தி, நடுவிலுள்ள இடைவெளியில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். எவ்வளவு சீவினார்களோ அவ்வளவுதான் பாத்திரத்தின் தடிமன். கரு நகராதிருக்க, அதற்கும் அச்சுக்கும் இடையில் முன்பே சிறு வெண்கலத் துண்டுகளைச் செருகுவார்கள். கரு நகர்ந்தால் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் ஓட்டை விழும். அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் நீராவி கிளம்பி உலோகத்துக்குள் குமிழியாகச் சிக்கும். சுத்தச் செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெள்ளீயம் சேர்த்தால் அது குறையும். காரீயம் கலவையை நன்றாக ஓடவைக்கும், மெல்லிய கோடுகள் வரை நிரம்பும்.

அச்சுத் துண்டுகள் சேரும் இடத்தில் உலோகம் கசிந்து பிசிறு நிற்கும். ஷாங் வார்ப்பாளர்கள் பல பாத்திரங்களில் அந்தக் கோட்டிலேயே துருத்திய விளிம்பு வைத்து அதையே அலங்காரமாக்கினார்கள். தாவ்தியே என்ற உருண்டைக்கண் முகத்தின் மூக்கு பெரும்பாலும் அங்கேதான் விழும். முகத்தில் ஒரு பாதியைக் கையால் மறைத்துப் பாருங்கள்: பக்கவாட்டில் நிற்கும் டிராகன் தெரியும்.

தாவ்தியே காவல் முகமா, பலி விலங்கா? ஷாங் மக்கள் எந்த விளக்கமும் எழுதி வைக்கவில்லை. சொல்லப்படுபவை பின்னால் வந்தவர்களின் ஊகம். சில்வண்டின் பொருளை ஊகிப்பது எளிது. மண்ணுக்குள் வளர்ந்து, வெளியேறித் தோலுரிக்கும் பூச்சி என்பதால் மறுபிறப்பு. ஷாங்குக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்த ஹான் வம்சக் காலத்தில் இறந்தவர் நாவில் ஜேட் கல்லில் செய்த சில்வண்டை வைத்தார்கள். அதே ஹான் காலத்தில் ஆந்தை அபசகுனம். ராணியோடு புதைக்கத் தகுதியாக இருந்த பறவை, வீட்டுக்குள் வந்தால் சாவு என்றானது.

ஆகவே ‘இந்த விலங்கு செல்வம் தரும்’ என்று ஷாங் பாத்திரத்தின் பக்கத்தில் தொங்கும் விற்பனைச் சீட்டை நம்ப வேண்டியதில்லை. வௌவால், மான் போன்ற அதிர்ஷ்ட, செல்வச் சின்னங்கள் மிகவும் பிற்கால வம்சங்களான மிங், சிங் காலத்தில்தான் பரவலாயின. ஷாங் என்று விற்கும் குடத்தில் வௌவால் இருந்தால் சந்தேகப்படுங்கள்.